ஈட்டிக்கு ஊர் கேட்டுப் போனேன்

என் வீட்டில் ஒரு காலத்தில் பதினொரு ஆப்பிரிக்க ஈட்டிகள் இருந்தன. கண்டியில் ஓர் ஏலக்கடையில் கிளாக்கராக இருந்தவனுக்கு அவை எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. முதலில் கேட்டவள் என் மனைவி.

“வீட்டுல வேல் வேணும்னா முருகன் கையில இருக்கிற ஒன்னு போதாதுங்களா? இதெல்லாம் எந்தச் சாமியோடது?”

“தெரியல. அதத்தான் கண்டுபிடிக்கப் போறேன்,” என்றேன்.

கண்டுபிடித்தேன். எல்லாவற்றுக்கும் இல்லாவிட்டாலும், யாராலும் முடியாத ஒன்றுக்குக் கண்டுபிடித்தேன். அதனால் என்ன நடந்தது என்பதை அவளைத் தவிர வேறு யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

கோப்பிக்கு இலை நோய் வந்து, வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டத்தைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சள் தூள் அப்பியிருக்கும். தொட்டால் விரலோடு வரும். நல்ல காய்ப்பில் நின்ற மலைகள் ஓரிரு மழைக்குள் மொட்டையாகின. துரைமாரின் பங்களாச் சாமான்கள் மாட்டு வண்டிகளில் எங்கள் கடை வாசலில் வந்து இறங்கும். பியானோ, கண்ணாடி அலுமாரி, குழந்தைத் தொட்டில், பாதி எரிந்த மெழுகுவர்த்தியோடு விளக்குத் தண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுக் காகிதம் எழுதி ஒட்டுவது என் வேலை. என்ன பொருள், என்ன மரம், எங்கே செய்தது. கல்கத்தாக் கதிரை, லண்டன் மணிக்கூடு, யாழ்ப்பாணப் பெட்டகம் என்று எழுதுவேன்.

புசல்லாவை ரோட்டில் ஒரு பங்களாவிலிருந்து வந்த சாமான்களில், சாக்கில் சுற்றிய ஆறு ஈட்டிகள் இருந்தன. துரை கொடுத்த பட்டியலில் ‘காட்டு மனிதர் ஈட்டி, ஒரு கட்டு’ என்று மட்டும் இருந்தது. ஏலத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. “நீயே கொண்டு போப்பா, சும்மா எடத்த அடைக்குது,” என்றார் முதலாளி.

வீட்டு முற்றத்தில் கட்டைப் பிரித்தபோதே ஒன்று தெரிந்துவிட்டது. ஆறும் ஒரு சாதி இல்லை. ஒன்றின் அலகு என் உள்ளங்கை அளவு. இன்னொன்றினுடையது முழங்கையை விட நீளம். யாரோ ஒருவர் எங்கெங்கோ சேர்த்து, கடைசியில் ஒரே சாக்கில் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். நாள் முழுக்கப் பொருளுக்கு ஊர் எழுதுகிறவன் நான். இவற்றுக்கு என்ன எழுதுவது என்று தெரியாதது என்னைத் தூங்கவிடாத அளவுக்கு உறுத்தியது. இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு எந்தப் பங்களாச் சாமானில் ஈட்டி வந்தாலும் முதலாளியிடம் சொல்லி எனக்கென்று எடுத்து வைத்துவிடுவேன்.

ஈட்டியைக் கையில் எடுக்கிறவர்கள் அலகைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். போகப் போக, அலகு கம்போடு சேருகிற இடம் அதைவிட அதிகம் சொல்லும் என்று தெரிந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையான கேப் பக்கத்து ஈட்டியில் அலகின் அடி வால் போல நீண்டு கம்புக்குள் இறங்கியிருக்கும். மேலே பச்சைத் தோலோ நாரோ சுற்றி இறுக்கியிருப்பார்கள். கிழக்குக் கரையில் பலதுக்கு இரும்பையே குழல் போல வளைத்து, அதற்குள் கம்பை விட்டிருப்பார்கள். சிலவற்றில் அந்த மூட்டின்மேல் தையலே இல்லாத ஒரு தோலுறை இருக்கும். தையல் இல்லாமல் எப்படி உறை வரும் என்று மாதக்கணக்கில் யோசித்தேன். ஒருநாள் கண்டிச் சந்தையில் இறைச்சிக் கடையில் மாட்டு வால் தொங்குவதைப் பார்த்து நடுத்தெருவில் நின்றுவிட்டேன். வாலை அப்படியே உரித்து, ஈரத்தோடு கம்பில் ஏற்றிக் காயவிட்டிருக்கிறார்கள். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வாவிக்கு மேலே மலைச் சரிவில், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் துரை ஒருவர் இருந்தார். அவர் வீட்டுச் சுவர் முழுக்க ஆயுதங்கள். ஏலக் காகிதங்களைக் கொடுக்கப் போன நான், ஆப்பிரிக்கா என்று அவர் எழுதி மாட்டியிருந்த ஒரு ஈட்டியின் முன்னால் நின்றேன். கம்பில் சிவப்பும் மஞ்சளுமாக வளையம் வளையமாகப் பூச்சு.

“துரை, இது ஆப்பிரிக்கா இல்லை. இந்த ஊர் அரக்கு வேலை. மாத்தளைப் பக்கத்தில் நகத்தால் இழுத்துச் செய்வார்கள்,” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் அருகில் வந்து பார்த்தார். சிரித்தார். காகிதத்தைக் கிழித்துப் போட்டார். அன்றிலிருந்து அவருடைய புத்தகங்களையும் நிலப்படங்களையும் நான் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்றாயிற்று. நல்ல மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் புத்தகங்களை வைத்து ஏழெட்டு ஈட்டிகளுக்கு ஊர் எழுதிவிட்டோம். மிச்சத்தில் ஒன்று எந்தப் புத்தகத்துக்கும் கிட்டவே வரவில்லை. முதல் கட்டிலேயே இருந்த ஈட்டி. ஒடுக்கமான இலை போன்ற அலகு. நீண்ட குழல். கறுத்துப்போன கனமான கம்பு. கீழ் முனையில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு ஆணி, அதற்கு மேலே மெல்லிய கம்பிச் சுற்று. டாக்டர் துரை அதை ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துப் பார்த்து, “இதன் ஊர் மட்டும் தெரிந்தால் லண்டனில் பழம்பொருள் காட்டும் நூதனசாலையில் வைக்கக் கொடுக்கலாம்,” என்பார்.

அப்போதுதான் கடுகண்ணாவையில் இருந்த கிழவர் என் நினைவுக்கு வந்தார். கோச்சி ரயிலில் போகும்போது ஸ்டேஷனில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். காப்பிரி என்று ஊரில் சொல்வார்கள். இங்கிலீஷ்காரர்கள் கண்டியைப் பிடித்த காலத்தில் பட்டாளத்துக்கென்று கோவாவில் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களில் ஒருவர். சண்டை ஓய்ந்ததும் அவர்களை ரோடு போடுகிற பயனியர் படைக்கு மாற்றிவிட்டார்கள். கணவாயில் பாறையைக் குடைந்து ரோடு போகிறதே, அங்கே வேலை செய்தவர். அந்தப் படையில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார்.

ஈட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். ரோட்டோரத்தில் அவருடைய மகள் கடை வைத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கோப்பி மூட்டை இறக்கிப் போகும் வண்டிக்காரர்களுக்கு அப்பமும் சம்பலும் விற்பாள். கோச்சி வந்தபிறகு வண்டிகள் குறைந்து, கோப்பி பட்டபிறகு இன்னும் குறைந்து, அன்றைக்குக் கடையில் யாரும் இல்லை. கிழவர் உள்ளே ஒரு மரக் கதிரையில், வீங்கிய முழங்கால்களில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தலைமுடி பஞ்சு போல வெளுத்திருந்தது.

வந்த காரியத்தைச் சொன்னேன். சாக்கைப் பிரித்து அலகை அவர் பக்கமாக நீட்டினேன். அவர் தொடவில்லை.

“எனக்கு இதெல்லாம் தெரியாது, கிளாக்கரே. என்னயப் புடிச்சப்ப நான் இம்புட்டுத்தான்,” என்று கதிரையின் கைப்பிடி உயரத்துக்குக் கையைக் காட்டினார். “ஆத்துல மீன் புடிச்சிக்கிட்டு இருந்த பய.”

சரி, வீண் பயணம் என்று எண்ணி, சாக்கில் சுற்றுவதற்காக ஈட்டியைத் திருப்பினேன். கீழ் முனை அவர் பக்கம் வந்தது.

“நில்லுங்க. அதக் கொஞ்சம் புடிங்க.”

“இது கம்போட அடிங்க, பெரியவரே.”

“தெரியுது. எனக்கு அதுதான் தெரியும்.”

மகள் தடுக்க வந்தாள். அவர் கேட்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே இறவாரத்துக்கு வந்தார். அவள் சலித்துக்கொண்டு பின்னால் அடுப்படிக்குப் போய்விட்டாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மண் இளகிக் கிடந்தது.

“இதுல குத்துங்க,” என்றார்.

குத்தி எடுத்தேன். சதுரமாக ஒரு ஓட்டை விழுந்தது. ஆணியை நாலு பட்டையாக அடித்திருந்தார்கள் என்பதை நான் கவனித்திருந்தேன். அது மண்ணில் எப்படி விழும் என்று யோசித்ததில்லை. அவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எங்களப் புடிச்சவன் எனக்கு முன்னால இத ஊண்டி ஊண்டிப் போனான். கழுத்துல கயிறு. தலைய நிமித்த முடியாது. நாள் பூரா கீழதான் பாத்துக்கிட்டு வந்தேன். இந்த ஓட்டையத்தான் பாத்தேன். எத்தன நாளுன்னு தெரியாது. எனக்குப் பின்னால என் தங்கச்சி. அவ இத எண்ணிக்கிட்டே வந்தா. பத்து வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். பத்து ஆனதும் மறுபடி ஒன்னுல இருந்து எண்ணுவா.”

இந்த இடத்தில் நான் என்ன கேட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. “அந்த ஆளுங்க எந்தப் பக்கத்து ஆளுங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். “பெரிய ஏரிப் பக்கம்னு சொன்னாங்க. எங்க ஊருல இந்த ஈட்டி கெடையாது. எங்க அப்பாகிட்ட வில்லுதான் இருந்திச்சி.”

“கடலுக்கு நடத்திக்கிட்டுப் போனப்போ வெயில் எந்தப் பக்கம் அடிச்சது?”

“காலையில மூஞ்சியில அடிக்கும்.”

அப்படியானால் கிழக்கே நடந்திருக்கிறார்கள், ஏரி மேற்கே. டாக்டர் துரையின் நிலப்படத்தில் கரைக்கு மேற்கே ஒரு நீண்ட ஏரி நீலத்தில் கீறியிருக்கும். அந்த ஏரியின் கீழைக் கரை! கோச்சியில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு வரியைத்தான் மனதில் எழுதி எழுதிப் பார்த்தேன். கயிறும் தங்கச்சியும் என் நினைவில் இல்லை.

டாக்டர் துரை என் தோளைத் தட்டினார். அவர் யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெருமையில் ஈட்டியை அவருக்கே கொடுத்துவிட்டேன். அவர் ஒரு தாளில் கேள்விகள் எழுதித் தந்தார். கம்பு என்ன மரம், இரும்பை எங்கே உருக்கினார்கள், போருக்கா வேட்டைக்கா, ஒருவன் எத்தனை ஈட்டி வைத்திருப்பான். கேட்கப் போகும்போது கிழவர் பார்ப்பதற்கென்று அந்த ஈட்டியையும் என்னிடமே தந்தனுப்பினார்.

இரண்டாம் முறை போனபோது கிழவர் எனக்காகக் காத்திருந்தவர் போல இருந்தார். பேச ஆசைப்பட்டார். என்னையும் விசாரித்தார்.

“கிளாக்கரு எந்த ஊரு?”

“ராமநாதபுரத்துப் பக்கம். சின்ன வயசுல தோட்டத்துக்கு வந்தோம். மன்னார்ல எறங்கி நடந்து வந்தோம். வழியில அம்மா காலராவுல போயிட்டாங்க.”

“ஒங்களயும் கட்டித்தான் கூட்டியாந்தாங்களா?”

“இல்லீங்க. பஞ்சம். கங்காணி முன்னால போனாரு, நாங்க பின்னால வந்தோம்.”

அவர் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஆற்றங்கரையில் ஒரு மரம், அதன் அடியில் அவள் தானியம் குத்துவாள், குத்தும்போது ஒரு பாட்டு என்று ஆரம்பித்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டு, “அது இருக்கட்டுங்க, இரும்பு எங்க உருக்குவாங்க?” என்றேன். அவர் நிறுத்திக்கொண்டார். தெரியாது என்றார். அன்று அதன்பிறகு எல்லாக் கேள்விக்கும் தெரியாது என்றே சொன்னார்.

மூன்றாம் முறை மகள் கடை வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. இனிமே வர வேணாம். மழை பெஞ்சா எந்திரிச்சி வெளிய போயிர்றாரு. ரோட்டுல ஓட்டை தேடுறாரு. வண்டிக்காரங்க பாத்து ரெண்டு தடவ கூட்டியாந்து விட்டாங்க. நடக்க முடியாத மனுசன் எப்பிடிப் போறாருன்னே தெரியல. என்னென்னமோ பாஷையில முணுமுணுக்கிறாரு. எனக்கு ஒன்னும் வெளங்கல.”

“சரிம்மா,” என்று திரும்பி வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். ஈட்டி கொண்டுபோகவில்லை. “சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேம்மா,” என்று வெறுங்கையைக் காட்டினேன். சட்டைப் பையில் டாக்டர் துரையின் தாள் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்து நம்பி, கோப்பி போடப் பின்னால் போனாள். அவள் வருவதற்குள் நான் இரண்டு கேள்வி கேட்டேன். கிழவர் என் காலடியில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொண்டுவந்து வைத்த கோப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, கடைக்குச் சாமான் ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். காப்பிரிக் கிழவர் விடியற்காலை மழையில் இறங்கிக் கணவாய்க்குக் கீழே வெகுதூரம் போய்விட்டாராம். ரோட்டோரத்தில் நனைந்து உட்கார்ந்திருந்தவரைத் தூக்கிவந்தார்களாம். காய்ச்சல் கண்டு நாலாம் நாள் போய்விட்டாராம். நாளைக்கு அடக்கம்.

என் மனைவியிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “நானும் வர்றேன். தனியாப் போகாதீங்க,” என்றாள்.

கிழவர் கிறிஸ்தவர். வேதக் கோயில் வாசலில் நாங்கள் இருவரும் ஒதுங்கி நின்றோம். பழைய பயனியர் படைத் தமிழர்கள் நாலைந்து கிழவர்கள் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். மகள் பின்னால் வந்தாள். என்னைக் கடந்துபோகும்போது நின்றாள்.

“நீங்க அந்த ஓட்டையப் போட்டுட்டுப் போயிட்டீங்க ஐயா,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “அத மூட எனக்குத் தெரியல.”

என் மனைவி அவள் கையைப் பிடித்தாள். அவள் உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அந்த ஈட்டிக்கு ஒட்டும் காகிதத்தில் கிழவர் சொன்னதையும் எழுத வேண்டும் என்று கேட்டேன். அதன் பின்னால் கயிற்றில் நடந்த ஒரு பிள்ளைதான் இதன் ஊரைச் சொன்னது, அதையும் எழுதுங்கள் என்றேன்.

“நூதனசாலையில் கதை போட மாட்டார்கள். இடம் போதும் என்பார்கள்,” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று காகிதத்தை என்னையே எழுதச் சொன்னார். ஏரியின் பெயர், கீழைக் கரை, இரும்பும் மரமும். அவ்வளவுதான் எழுதினேன். அந்த வருஷ முடிவில் அவர் வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார். பெட்டிகளுக்கு எண் போட்டவனும் நான்தான்.

சில மாதம் கழித்து, மகள் எங்கள் ஏலக்கடைக்கு வந்தாள். வெளுத்த கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். வாசலில் தயங்கி நின்றவளை உள்ளே கூப்பிட்டேன்.

“ஒரு காரியமா வந்தேன் ஐயா. கோயில் புஸ்தகத்துல அப்பா பொறந்த ஊருன்னு போட ஒரு எடம் இருக்கு. அது வெறுமனே கெடக்கு. தெரிஞ்சா வந்து சொல்லு, எழுதிக்கிறேன்னு பங்குச் சுவாமி சொன்னாரு. பழைய பட்டாளத்துக் கடுதாசியில சாதி மக்குவான்னு இருக்கு. கப்பல்ல வந்த அத்தன பேருக்கும் அப்பிடித்தான் எழுதுனாங்களாம். நீங்க ஈட்டிக்கு ஊரு கண்டுபுடிக்கிறவராச்சே. அதான் கேக்க வந்தேன்.”

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

“எனக்குத் தெரியாதும்மா,” என்றேன். “அவரு ஊர நான் கேக்கவே இல்ல. புடிச்சவங்க ஊரத்தான் கேட்டேன்.”

அவள் போகத் திரும்பினாள். நான் விடாமல், எனக்கு நினைவிருந்த துணுக்குகளைச் சொன்னேன். ஊரில் ஆறு இருந்தது. மீன் பிடிப்பார். அப்பாவிடம் வில் இருந்தது. அம்மா ஒரு மரத்தடியில் பாடிக்கொண்டே தானியம் குத்துவாள். தங்கச்சி கயிற்றில் பின்னால் வந்தாள்.

“தங்கச்சியா? அப்பாவுக்குத் தங்கச்சி இருந்திச்சா?”

“ஒங்களுக்குத் தெரியாதா?”

அவள் பக்கத்தில் ஏலத்துக்குக் காத்திருந்த ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். “தனியாத்தான் வந்தேன், யாருமே இல்லன்னு சொல்லுவாரு. எம்புட்டுத் தடவ கேட்டிருப்பேன். அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சி?”

“சொல்லல. நான் கேக்கல.”

“பேரு?”

“அதுவும் கேக்கலம்மா.”

வெளியே ஏலக்காரர் யாருடைய சாப்பாட்டு மேசைக்கோ கூவிக்கொண்டிருந்தார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசி நாட்களில் அவர் முணுமுணுத்த வார்த்தைகள் தனக்கு மனப்பாடம் என்றாள். ஏதோ செபம் என்று நினைத்திருந்தாளாம். சொல்லச் சொன்னேன். சொன்னாள். பத்து வார்த்தைகள். பத்து முடிந்ததும் மறுபடி முதல் வார்த்தைக்கு வந்தாள்.

“இது செபம் இல்லம்மா,” என்றேன். “ஒன்னு, ரெண்டு, மூணு. அந்தப் புள்ள எண்ணுனது.”

ஏலக் காகிதம் ஒன்றில் பத்தையும் தமிழ் எழுத்தில் எழுதினேன். இரண்டு பிரதி. ஒன்றை அவளிடம் கொடுத்தேன். மற்றதை இங்கிலீஷ் எழுத்திலும் எழுதி, டாக்டர் துரைக்குக் கடிதம் போட்டேன். மொழிகளின் எண்களை வரிசையாகப் போட்ட புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது எனக்குத் தெரியும். எண்ணிலிருந்து மொழி தெரிந்தால், மொழியிலிருந்து மக்கள், மக்களிலிருந்து ஆறு என்று போய்விடலாம் என்று நம்பினேன்.

பதில் வர ஏழெட்டு மாதம் ஆனது. அன்பாகத்தான் எழுதியிருந்தார். ஈட்டியை நூதனசாலையில் நல்ல இடத்தில் வைத்திருக்கிறார்களாம். எண்களைப் பொறுத்தவரை, அந்தக் கரையோரத்தில் நாலைந்து மொழிகளில் கிட்டத்தட்ட இதே போலத்தான் எண்ணுவார்களாம். வாயிலிருந்து நேராகக் கேட்டு எழுதியிருந்தால் பிரித்திருக்கலாம். ஒருவர் கேட்டு இன்னொருவர் சொல்லி எழுதியதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று புத்தகம் தெரிந்த ஒருவர் சொன்னாராம். மன்னிக்கவும் என்று முடித்திருந்தார்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் என் மனைவியும் கடுகண்ணாவைக்குப் போனோம். வாசித்துத் தமிழில் சொன்னேன். அவள் அப்பச் சட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“நாலஞ்சு பாஷைன்னா, அத்தன ஊரா?”

“அதுக்கு மேலேயும் இருக்கும்மா.”

“சரி. அப்ப வெறுமனேயே கெடக்கட்டும். தப்பா ஒன்ன எழுதுறதுக்கு அது மேலு.”

எங்களுக்கு அப்பம் சுட்டுத் தந்தாள். என் மனைவியிடம் நிறையப் பேசினாள். என்னிடம் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், “சின்னப் புள்ள எண்ணுனதுன்னு சொன்னீங்களே, அது ஒன்னாவது தெரிஞ்சதே,” என்றாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

அடுத்த வருஷம் வண்டிகள் அடியோடு நின்றுபோய்க் கடையை மூடினாள். புத்தளத்துப் பக்கம் புருஷன் வழிச் சொந்தக்காரர்களிடம் போய்விட்டாள் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். என்னிடம் மிஞ்சியிருந்த ஈட்டிகளைப் பிறகு ஒரு பழைய இரும்பு வியாபாரி வந்து எடுத்துக்கொண்டு போனார். மலையெல்லாம் கோப்பியைப் பிடுங்கித் தேயிலை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏலக்கடையில் என் வேலையைத் தொடர்ந்து செய்தேன். பொருளுக்கு ஊர் தெரியாவிட்டால் யாரையும் போய்க் கேட்பதில்லை. தெரியாது என்றே எழுதி ஒட்டினேன்.